கரண்ட் இல்லாத பெடல்

அத்தியாயம் 9

விமானத்திலிருந்து விழுந்து செத்துப்போனான் முருகேஷ். விமானம் பறக்கவில்லை.

பெருமாநல்லூர் ரோட்டோரம், சோளக்காட்டை மட்டப்படுத்திக் கான்கிரீட் கொட்டிய இடத்தில், சக்கரக் கால்களைச் சிமெண்டில் புதைத்துக்கொண்டு அது நின்றது. மலை முகாம்களுக்கு நாற்பது வருடம் அரிசியும் ஆளும் சுமந்த ராணுவச் சரக்கு விமானம். பனியன் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். உள்ளே ஓட்டல் வரப்போகிறதாம். அதற்காக வாலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் முருகேஷ். நேற்று, வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, இருபத்தைந்து அடி உயரத்திலிருந்து கான்கிரீட்டுக்கு வந்துசேர்ந்தான்.

சாரம் கட்டிக்கொடுத்தவன் ஜாவித். கட்டு சரியில்லை, சாரம் ஆடியது, ஆள் விழுந்தான் என்று பொங்கியண்ணன் எழுதிக் கொடுத்தார். போலீஸ் அப்படியே வாங்கிக்கொண்டது. வெறும் கவனக்குறைவு என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். தெரிந்தே ஆபத்தை உண்டாக்கினான் என்று அதற்கு மேலே உள்ள செக்‌ஷனைப் போட்டிருந்தார்கள். இன்று மதியம் ஒரு மணிக்கு ஜாவிதை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். அப்புறம் கோயமுத்தூர் ஜெயில்.

இப்போது மணி பத்தே முக்கால்.

தரணி ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வாலை நிமிர்ந்து பார்த்தாள். பாதி மஞ்சள், பாதி பழைய சாம்பல். இருபத்தேழு வயதில் அவளிடம் சொந்தமாக இருந்தவை ஒரு முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஒரு வாடகை அறை, அறை வாசலில் 'வரன் விசாரணை' என்ற போர்டு. காலையில் ஜாவிதின் மனைவி பேகம் அந்தப் போர்டுக்குக் கீழே வந்து நின்று, "அவரு தொழுகைக்குன்னு கீழ இறங்கிட்டாருங்க. கட்டு ஆடியிருக்காதுங்க. அவரு கட்டுனது ஆடாதுங்க," என்றாள். மூன்று வாக்கியம். அழவில்லை. அழாதவர்கள் சொல்வதைத் தரணி நம்பிவிடுவாள்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றான் அப்ரோஸ். அவளுடைய ஒரே உதவியாளன். முப்பது வயது. கம்பெனியில் அயர்னிங் மாஸ்டராக இருந்தவன், வாய் சும்மா இருக்காததால் அங்கிருந்து வெளியே வந்தவன். "நம்ம போர்டுல வரன் விசாரணைன்னு இருக்கு. இந்த விமானத்துக்கு யாரு பொண்ணு குடுக்கறாங்க?"

"வாயை மூடிட்டு சாரத்துல ஏறு."

"ஏறறதுதானுங்க பயமா இருக்கு. நேத்து ஒருத்தன் ஏறித்தான்..." அவனே நிறுத்திக்கொண்டான்.

இரண்டு பேரும் ஏறினார்கள். மேல் பலகையில் நின்று அப்ரோஸ் ஒரு குதி குதித்தான். இன்னொரு குதி. இரும்புக் குழாய்கள் முணுமுணுக்கக்கூட இல்லை.

"எண்பத்திரண்டு கிலோ மேடம். நேத்து பிரியாணி வேற. ஆடலை."

தரணி ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லா நட்டும் இறுகியிருந்தது. போதாததற்குக் கயிறு வேறு. செத்தவனுக்குப் பழி போட ஆள் வேண்டும், சாரம் கட்டியவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான், அவ்வளவுதான் விசாரணை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்தே உடம்புக்குள் யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வாலின் பின்விளிம்பில், உயரமான கதவு மாதிரி ஒரு பலகை கீலில் மாட்டியிருந்தது. படகுக்குச் சுக்கான் எப்படியோ, விமானத்துக்கு அது. அதன் மேற்குப் பக்கத்தில், மஞ்சள் பெயிண்டில், ஒரு கை பதிந்திருந்தது.

"முருகேஷோடதுங்க," என்றான் அப்ரோஸ், மெதுவாக.

தரணி தன் கையை அதற்கு முன்னால், தொடாமல், விரித்துப் பிடித்தாள். உள்ளங்கையின் அடிமேடு அழுத்தமாகப் பதிந்திருந்தது. விரல்கள் லேசாக.

"விழறவன் என்ன பண்ணுவான்?"

"அல்லாவைக் கூப்பிடுவான்."

"கை என்ன பண்ணும்?"

"எதையாவது பிடிக்கப் பார்க்கும்."

"பிடிச்சா விரல்தானே அழுத்தமாப் பதியணும்? கோடு கோடாக் கீழ இழுத்துட்டுப் போயிருக்கணும். இங்க அடிக்கைதான் பதிஞ்சிருக்கு. இவன் பிடிக்கலை அப்ரோஸ். தள்ளியிருக்கான்."

"தேமேன்னு நிக்கற பலகையை எதுக்குத் தள்ளறான்?"

"தேமேன்னு நிக்கலை. அவன் மேல வந்திருக்கு."

அப்ரோஸ் பலகையிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டான். "காத்தா இருக்குமுங்களா? ஆடி மாசம். கோழியே பறக்குது."

"காத்து எங்கிருந்து அடிக்குது?"

"மேற்கத்திக் காத்து. என் முடியைப் பாருங்க, கிழக்க பாத்து ஓடுது. இருக்கறதே கொஞ்சம்."

தரணி கீழே காட்டினாள். கான்கிரீட்டில் கவிழ்ந்த டப்பாவின் மஞ்சள் சிதறல், அதன் அருகே போலீஸ் சுண்ணாம்பில் போட்ட வட்டம். இரண்டுமே சாரத்துக்கு மேற்கே இருந்தன. "காத்து தள்ளினா பலகை கிழக்க போகும். முருகேஷ் மேற்க விழுந்திருக்கான். காத்தை எதுத்து ஏதோ தள்ளியிருக்கு."

"மேடம், இன்ஸ்பெக்டர் எழுதினதைப் படிச்சீங்கல்ல? இன்ஜின் இல்லை, பேட்டரி இல்லை, வயரை எல்லாம் எப்பவோ உருவிட்டாங்க. மின்சாரம் இல்லாததால் எந்தப் பாகமும் அசைய வாய்ப்பில்லை. அடிக்கோடு வேற போட்டிருக்கார்."

"அடிக்கோடு போட்டா உண்மையாயிருமா? கீழ இறங்கு. பாய்கிட்டக் கேட்கலாம்."

பாய் என்றால் ஹிதாயத்துல்லா. இருபத்தெட்டு வருடம் விமானப்படையில் ஃபிட்டர். ஓய்வுபெற்றுச் சேவூரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவரை, விமானத்தைக் கோத்துக் கொடுப்பதற்காகப் பொங்கியண்ணன் கூட்டிவந்திருந்தார். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை போல.

"பாய், இந்த வால் கரண்ட் இல்லாம திரும்புமா?"

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். "நேத்திருந்து இதை யாராச்சும் கேட்பாங்கன்னு உட்கார்ந்திருக்கேன் அம்மிணி. மேல வாங்க."

காக்பிட்டில் இரண்டு இருக்கைகள். நடுவே ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் வழி. இருக்கைகளுக்கு முன்னால் தரையில் இரண்டிரண்டு பெடல்கள். இடது இருக்கையின் பெடல்களுக்குக் குறுக்கே சிவப்பு அடித்த இரும்புத் தண்டு ஒன்று மாட்டியிருந்தது. அதில் நீளமாகச் சிவப்பு ரிப்பன் தொங்கியது.

"இது பூட்டு," என்றார் ஹிதாயத்துல்லா. "நிறுத்தி வச்ச வண்டில காத்து வாலை ஆட்டிடக் கூடாதுன்னு போடறது. நேத்து பன்னெண்டரைக்கு என் கையால மாட்டிட்டுத்தான் ஜும்மாவுக்குப் போனேன். ஜாவிதும் பின்னாடியே வரேன்னான். பள்ளிவாசல்ல அவனைப் பார்க்கலை, கடைசி வரிசைல நின்னிருப்பான். நான் திரும்பி வந்தப்ப முருகேஷைத் துணி போட்டு மூடியிருந்தாங்க. இங்க ஏறிப் பார்த்தா பூட்டு சீட்டுக்குப் பின்னாடி கெடக்குது."

"போலீஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கரண்டே இல்லாத வண்டிக்கு என்ன பாய் பூட்டுன்னு சிரிச்சாங்க."

தரணியை இடது இருக்கையில் உட்காரச் சொன்னார். அப்ரோஸ் கேட்காமலேயே வலது இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத மைக்கைப் பிடித்துப் பயணிகளுக்கு வணக்கம் சொன்னான். ஹிதாயத்துல்லா பூட்டைக் கழற்றினார். வெளியே எங்கோ வாலில் ஒரு முனகல் கேட்டது. காற்று தன் இஷ்டத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனது.

"நான் பின்கதவுல நின்னு பார்க்கறேன். கூப்பிட்டதும் இடது காலை மிதிங்க."

அவர் குரல் வந்தது. தரணி மிதித்தாள். முதலில் கல் மாதிரி இருந்தது. இன்னும் அழுத்தினாள். பெடல் முன்னால் போனது. போகும்போது உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது, துடித்தது, எதிர்த்துத் தள்ளியது. காற்றுதான் அது. அறுபது அடி தள்ளி வாலில் அடிக்கிற காற்றை அவள் செருப்புக்குக் கீழே உணர்ந்தாள்.

"மேற்க திரும்பிருச்சு!" என்று கத்தினார் ஹிதாயத்துல்லா.

"யோவ்!" என்று கத்தினான் அப்ரோஸ். "என் வலது காலை எது தள்ளுது?" அவன் முழங்கால் தாடையை நோக்கி ஏறியிருந்தது.

ஹிதாயத்துல்லா திரும்பி வந்தார். "ரெண்டு சீட்டு பெடலும் ஒண்ணோட ஒண்ணு கோத்தது. ஒருத்தர் இடதை மிதிச்சா ரெண்டு பேருக்குமே இடது போகும், வலது திரும்பி வரும். இது பழைய வண்டி அம்மிணி. கால் இங்க, வால் அங்க, நடுவுல எஃகுக் கம்பிக்கயிறு. வேற ஒண்ணுமே இல்லை."

"புது விமானத்துல?"

"கடைசி நாலு வருஷம் அதுலயும் வேலை பார்த்தேன். பெரிய வண்டி. அதுல பெடல்ங்கறது ஒரு மனு. நீங்க மிதிச்சா கம்ப்யூட்டருக்கு மனு போகும். அது படிச்சுப் பார்த்து, சரின்னு பட்டா, வாலுல இருக்கற ஆயில் பிரஷருக்கு உத்தரவு போடும். கிறுக்குத்தனமா மிதிச்சா அளவாத்தான் திருப்பும். கரண்ட் போச்சுன்னா கதை முடிஞ்சுது, அதுக்காக ஒண்ணுக்கு நாலா வச்சிருப்பாங்க. இதுல கரண்ட் எதுக்கு? ஆனா தப்பா மிதிச்சா தடுக்கவும் ஆள் கிடையாது. அதனாலதான் பூட்டு."

"அப்ப கால்ல மிதிக்கற தையல் மிஷினும் கம்பெனி மிஷினும் மாதிரி," என்றாள் தரணி. அவள் அம்மா இருபது வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். "கம்பெனில கரண்ட் போனா டைலருங்க பெடல் மேலயே காலை நீட்டி நெட்டி முறிப்பாங்க. அது செத்த பெடல். யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"அதேதான்." அவர் பூட்டை மறுபடி மாட்டினார். "ஓட்டலுக்குக் கம்பிக்கயிறு எதுக்கு, வெட்டிருங்கன்னு முதலாளி சொன்னார். எனக்கு மனசு வரலை. வெட்டியிருக்கோணும்."

அப்ரோஸ் அவர் தோளைத் தொட்டு, "விடுங்க சாச்சா. பூட்டைக் கழட்டினவன் பேரைச் சொல்லுங்க, போதும்," என்றான்.

"நான் பார்க்கலையேப்பா."

"நான் பார்த்தேன்," என்றான் அப்ரோஸ், போனை எடுத்து.

பன்னிரண்டு விநாடி ரீல். பொங்கியண்ணனின் மகன் ரித்தீஷ், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடது இருக்கையில். நேற்று மதியம் ஒன்று நாற்பதுக்குப் போட்டு, சாயங்காலம் நீக்கியிருந்தான். அதற்குள் அப்ரோஸ் சேமித்துவைத்துவிட்டான்.

"அவனை நீ எதுக்குப் பின்தொடர்றே?"

"அவன் போடற ஷூவை நான் பார்க்கவாவது செய்யறேனுங்க."

முருகேஷ் விழுந்து அரை மணி நேரத்தில் ரீல். தரணி அதை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். பெடல் அதில் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. "கிளம்பு," என்றாள்.

மணி பதினொன்று ஐம்பது.

பொங்கியண்ணனின் ஆபீஸ் கம்பெனி மாடியில் இருந்தது. ஏ.சி. குளிர். கீழே பிரிண்டிங் டேபிளில் இருந்து ரப்பர் வாடை மேலேறி வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் அவரும், பக்கத்தில் சோபாவில் போனோடு ரித்தீஷும்.

"வாம்மிணி, உட்காரு. காப்பி சாப்புடறியா?"

"வேண்டாமுங்க. சாரம் ஆடலை. வால்தான் ஆடியிருக்கு. நேத்து ஒண்ணு பத்துக்கு காக்பிட்ல இருந்து யாரோ இடது பெடலை மிதிச்சிருக்காங்க. வாலோட பலகை முருகேஷைத் தட்டிக் கீழ தள்ளியிருக்கு. அப்ப உங்க மகன் அங்க உட்கார்ந்திருந்தார். இப்ப ஸ்டேஷனுக்கு என்கூட வரோணும்."

ரித்தீஷ் நிமிர்ந்தான். "நான் எதையும் மிதிக்கலைங்க. பிராமிஸா."

"பூட்டைக் கழட்டினது யாரு?"

அவன் அப்பாவைப் பார்த்தான். பொங்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவசரமே இல்லை. இந்தப் பேச்சை அவர் நேற்று ராத்திரியே தனக்குள் பேசி முடித்துவிட்டார் என்பது தரணிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்தப் புள்ளைகிட்ட முழு வீடியோவையும் காட்டு கண்ணு. வெட்டாததை."

ரித்தீஷ் போனைக் கண்ணாடி மேஜையில் சாய்த்து வைத்தான். மூன்று நிமிடப் படம். தரணி குனிந்தாள். அப்ரோஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து, சட்டைப் பையோடு கையை வைத்துக்கொண்டு நின்றான்.

படத்தில் ரித்தீஷ் இடது இருக்கையில். மடியில் சிவப்புத் தண்டு, ரிப்பன் தொங்க. 'இந்த இழவு பிரேம்ல வருது' என்று அதைப் பின்னால் தூக்கிப் போடுகிறான். புது ஷூவைக் காட்டுவதற்காகக் கால்களைப் பெடல்களின் மேல் லேசாக வைக்கிறான். கேமரா கீழே இறங்கி ஷூவைக் காட்டுகிறது. கேமரா வைத்திருப்பவன் வலது இருக்கையில் இருக்க வேண்டும். அவன் குரல் கேட்கிறது.

'போதுங்களா சார்? தொழுகைக்கு நேரமாச்சுங்க.'

'அஞ்சே நிமிஷம் ஜாவித். எந்திரிச்சு மேல இருந்து ஒண்ணு எடு.'

படம் ஆடுகிறது. கேமரா மேலே எழும்புகிறது. அந்த நொடியில் ரித்தீஷின் வலது முழங்கால் யாரோ உதைத்த மாதிரி உயர்கிறது. 'ஏய், எதுடா காலை இடிக்குது?' சிரிக்கிறான். எங்கோ தூரத்தில் தகர டப்பா விழும் சத்தம், அதோடு இன்னொரு சத்தம். 'விடு, யாரோ எதையோ போட்டுட்டாங்க. நீ எடு.' படம் இன்னும் நாற்பது விநாடி ஓடுகிறது. கேமரா இப்போது ஆடவே இல்லை.

தரணி கைநீட்டிப் படத்தைப் பின்னால் நகர்த்தினாள். முழங்கால் உயர்ந்தது. மறுபடி நகர்த்தினாள். மறுபடி உயர்ந்தது. மிதித்த கால் முன்னால் போகும். வலது பெடல் ரித்தீஷை நோக்கி வந்திருக்கிறது. இடதை அவன் அழுத்தவில்லை, அந்த ஷூ பெடலோடு சேர்ந்து தானாக விலகிப் போகிறது. அழுத்தியது பக்கத்து இருக்கை. ஒடுங்கிய இடத்திலிருந்து எழுந்திருக்கும்போது இடது காலை ஊன்றி எழுந்தவன்.

"நேத்து ராத்திரி முப்பது தடவை பார்த்தேன்," என்றார் பொங்கியண்ணன். "இதை நான் குடுத்தா உங்க ஆளுதான் உள்ள போவான். சாரத்துக்காகப் போறதை விட மோசமாப் போவான். ஏன் குடுக்கலை தெரியுமா?"

"பூட்டு உங்க மகன் மடியில இருக்கு."

"அதனாலதான் அம்மிணி உட்காரச் சொன்னேன். ரெண்டு பக்கமும் சேதாரமில்லாம ஒண்ணு பண்ணலாம். சாரம் சரியா இருந்துதுன்னு நானே மாத்தி எழுதித் தாரேன். முருகேஷ் குடிச்சிருந்தான், கால் தவறிட்டான். ஜாவித் சாயங்காலம் ஊட்ல இருப்பான்."

"முருகேஷ் குடிப்பாரா?"

"செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்லை."

தரணி எழுந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

படியிறங்கும்போது, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய வைத்திருந்த போனை அப்ரோஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"முழங்கால், சத்தம், முதலாளி பேசினது, எல்லாம் இருக்குதுங்க. நானும் ரீல் எடுப்பேன்ல?" என்றான். அப்புறம், "இதை எடுத்திருக்கவே வேண்டாம்னு தோணுது மேடம்," என்றான்.

"அழிச்சுரலாமா?"

அவன் போனை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்கூட்டரில் பத்து நிமிடம் தரணி கணக்குப் போட்டாள். கையில் இருக்கிற இந்தப் படத்தை அழித்தால் ஒருத்தன் வீட்டுக்குப் போவான். செத்துப்போன ஒருத்தன் குடிகாரனாவான். அழிக்காவிட்டால், காப்பாற்றச் சொல்லி வந்தவளின் புருஷனைத் தானே கொண்டுபோய் உள்ளே தள்ளின மாதிரி. கணக்குப் பாடத்தில் அவள் நூற்றுக்கு நூறு. இதில் எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியவில்லை.

ஸ்டேஷனில் மணி பன்னிரண்டு நாற்பது. வேப்பமரத்தடியில் பேகம் எழுந்து நின்றாள். "கட்டு ஆடலைதானுங்க?"

"ஆடலை," என்றாள் தரணி.

பேகத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜாவித் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கைகளில் கயிறு அறுத்த தழும்புகள். இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்கான பேப்பர்களை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு நிமிஷம்," என்றார்.

"சாரம் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டான் ஜாவித். வேறு எதையும் கேட்கவில்லை.

"பார்த்தேன். ஒரு நட்டுகூட இளகலை. நல்லாக் கட்டியிருக்கீங்க."

அவன் கண்ணை மூடி, மூச்சை விட்டான். நேற்று மதியத்திலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு. அதை அவன் முழுதாக விட்டு முடிக்கும்வரை தரணி காத்திருந்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

"தொழுகைக்குன்னு இறங்கினீங்க. போகலை."

"ரித்தீஷ் சார் வீடியோ எடுக்கக் கூப்பிட்டாரு. அப்பாகிட்டச் சொல்லிராதேன்னாரு. அதுக்கும் இதுக்கும் என்னன்னு நானும் சொல்லலை."

"எழுந்திருக்கும்போது இடது காலை எங்க ஊனினீங்க?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "பெடல் மேல."

தரணி சுற்றி வளைக்கவில்லை. அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பெடல், கம்பிக்கயிறு, வால், முருகேஷ் என்று நான்கு வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்தாள்.

ஜாவித் தன் இடது காலைக் குனிந்து பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"கரண்ட் இல்லையே மேடம்," என்றான். "சாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் பவர் மிஷின்ல டைலரா இருந்தேன். கரண்ட் போனா பெடல் மேலதான் காலை வைப்போம். அந்த வண்டில கரண்டே இல்லையே."

"தெரியும்."

"சத்தம் கேட்டுச்சு. டப்பா விழுந்த சத்தம். எனக்குக் கேட்டுச்சு." அவன் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "அப்புறமும் எடுத்துட்டுத்தான் இருந்தேன், இல்லீங்களா?"

"நாற்பது விநாடி."

அப்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொங்கியண்ணன் சொன்னதையும் தரணி சொன்னாள். சாயங்காலம் வீடு. முருகேஷ் குடித்திருந்தான். கால் தவறினான். "உங்க சம்சாரம்தான் என்கிட்ட வந்தாங்க. நான் உங்களுக்காக வேலை செய்யறேன். நீங்க சொல்றதுதான். நம்ம கையில இருக்கற படம் அப்ரோஸ் போன்ல மட்டும்தான் இருக்கு."

"மாரக்காள் அக்காகிட்ட என்னன்னு சொல்வாங்க?" முருகேஷின் மனைவி அவள்.

"குடிச்சுட்டு விழுந்தான்னு."

"பதினோரு வருஷம் அவன்கூடச் சாரத்துல நின்னிருக்கேன்," என்றான் ஜாவித். "மேல ஏறற அன்னிக்கு இருமல் மருந்துகூடக் குடிக்க மாட்டான். தூக்கம் வரும்பான். அவனைப் போய்..." முடிக்கவில்லை. "பேகத்துகிட்ட நான் சொல்லிக்கறேன். படத்தைக் குடுங்க."

"உள்ள போவீங்க. எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. தெரியாம நடந்ததுன்னு வக்கீல் வச்சுப் பேசுவேன். பூட்டைக் கழட்டினவனை விடமாட்டேன். ஆனா காசிருக்கறவங்க பேரு எழுதறதுக்கு இவங்க பேனா லேசில திறக்காது."

"குடுங்க மேடம்."

அப்ரோஸ் போனை இன்ஸ்பெக்டரின் மேஜையில் வைத்தான். அவர் முதலில் பாதிக் கவனத்தோடுதான் பார்த்தார். சிவப்புத் தண்டு வந்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முழங்கால் உயர்ந்தபோது தரணி படத்தை நிறுத்தி, எந்தப் பெடல் எங்கே போனது என்று காட்டினாள். பொங்கியண்ணனின் குரல் வந்தபோது அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தான் அடிக்கோடு போட்டிருந்த தாளை எடுத்து, ஒருமுறை படித்து, நான்காக மடித்தார்.

"இதை எழுதினா பெரிய இடம்மா," என்றார். "யோசிக்கணும். சட்டுன்னு யார் பேரை எழுதறது?"

ஜாவித் பெஞ்சிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தான்.

"முதல்ல என் பேரை எழுதுங்க சார். காலை ஊனினது நான்தான்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம், பூட்டுப் போட்ட பெடல் எப்படிப் போச்சுன்னு கோர்ட்டுல கேட்பாங்கல்ல? அப்ப அடுத்த பேரை எழுதாம உங்களால முடியாது."

இன்ஸ்பெக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தரணியைப் பார்த்தார்.

அவர் புதுத் தாள் ஒன்றை உருவி, பேனா மூடியைக் கழற்றினார்.